மார்கழியில் கையில்லாத பனியன்

மார்கழி பாதியைத் தாண்டிவிட்டால் திருப்பூரை அடுத்த முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் தகரக் கூரைகள் விடியற்காலையில் சொட்டத் தொடங்கும். வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இருக்காது. இரவெல்லாம் கூரையில் படிந்த பனி ஐந்து மணிக்கு மேல் திரண்டு, தகர நெளிவுகளில் வழிந்து, வாசலில் நிற்கும் டெம்போவின் தார்ப்பாயில் விழும். தார்ப்பாய்க்கு அடியில் துணி ரோல்கள். டிரைவர் கேபினுக்குள் முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் படுத்திருக்கிறார். கண்ணாடியின் உட்புறம் அவர் மூச்சால் மங்கியிருக்கிறது.

எதிர் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன். வயது அறுபத்தைந்துக்குக் குறையாது. தலையில் துண்டு, அதன்மேல் மங்கி கேப், காலில் வெறும் ரப்பர் செருப்பு. முன்னால் சின்னதாக ஒரு தீ மூட்டியிருக்கிறார். தீக்குத் தீனி கட்டிங் வேஸ்ட். கழுத்து வெட்டிய வட்டங்கள், கைக்குழி வெட்டிய பிறைகள், ஓரம் நறுக்கிய நாடாக்கள் எல்லாம் ஒரு சாக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தரம் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் தீயில் போடுகிறார். சில துண்டுகளைப் போடாமல் காலருகே ஒதுக்குகிறார். ஒதுக்கியவை பாலியெஸ்டர் கலந்தவை. பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டும், கறுப்பாகப் புகையும், தொண்டையைப் பிடிக்கும். எழுதிப் படித்த அறிவு இல்லை இது. பனியன் ஊரில் நாற்பது வருஷம் புழங்கிய விரல்களின் அறிவு.

தெருவைக் கூட்ட வந்த அம்மா தீயருகே துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்காருகிறார்.

"பனி போட்டு அடிக்குதுங்ளே அப்பாரு."

"இதென்ன கண்ணு பனி. தை பொறக்கோணும், அப்பறம் பாரு."

பேச்சு அவ்வளவுதான். இருவரும் உள்ளங்கைகளைத் தீயின் பக்கம் காட்டிக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள்.

அப்பாரு சொன்னது சரி. வடகிழக்குப் பருவமழை இருக்கும்வரை, ஐப்பசி கார்த்திகையில், வானத்து மேகம் ஒரு கம்பளியாகத் தரையைப் போர்த்தியிருக்கும். பகலில் மண் வாங்கிய சூடு இரவில் மேலே தப்பிப் போகாது. டிசம்பர் கடைசியில் மேகம் கலைந்ததும் மண் தன் சூட்டை விடிய விடிய வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கிறது. மழை பெய்து ஊறிய தரை, ஓய்ந்த காற்று, திறந்த வானம் மூன்றும் சேர்ந்தால் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து பனிமூட்டமாக நின்றுவிடும். அதனால்தான் தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களில் டிசம்பரைக் காட்டிலும் ஜனவரி இரவுகள் குளிரானவை. இந்திய வானிலை ஆய்வுத் துறையும் ஜனவரி, பிப்ரவரி இரண்டையும்தான் குளிர்காலம் என்று கணக்கு வைத்திருக்கிறது. நம் முன்னோர் மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்று பிரித்தார்கள்.

இன்னொன்று உண்டு. டிசம்பர் 21, 22-க்குப் பிறகு பகல் நீளத் தொடங்கிவிடுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் விடியல் முந்துவதில்லை. நம் பக்கத்தில் சூரிய உதயம் ஜனவரி மூன்றாம் வாரம்வரை பின்னால் தள்ளிக்கொண்டேதான் போகும். தை பிறக்கும் நாட்களில் இங்கே பொழுது கிளம்ப ஏறக்குறைய ஆறே முக்கால் ஆகிவிடும். கிடைத்த பகல் வெளிச்சமெல்லாம் மாலைப் பக்கம் சேர்கிறது. வெடியால எழுந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு இருட்டும் குளிரும்தான் நீள்கின்றன.

ராத்திரி 18, 19 டிகிரி. வடக்கே இருந்து வருகிறவர்கள் கேட்டால் நம்பமாட்டார்கள், இதற்குப் பெயர் குளிரா என்பார்கள். ஊட்டிக்காரரும் சொல்வார். ஆனால் குளிர் என்பது டிகிரியில் மட்டும் இல்லை. எந்தக் கூரைக்குக் கீழே படுத்தோம், எத்தனை மணிக்கு எழுந்தோம், என்ன தண்ணீரில் குளித்தோம், எதில் ஏறி எவ்வளவு தூரம் போனோம் என்பதிலும் இருக்கிறது. பகலில் முப்பதைத் தொட்டுவிட்டு இரவில் பத்துப் பன்னிரண்டு டிகிரி இறங்கும் ஊர் இது. அந்த இறக்கத்துக்கு உடம்பு பழகுவதற்குள் அடுத்த பகல் வந்துவிடுகிறது.

ஆறரை மணிக்கு டீக்கடையில் கூட்டம். சுக்கு மல்லிக் காபிக்கு இப்போது தனிப் பாத்திரம் வைத்திருக்கிறார்கள். கார்த்திகையில் அடுப்பேறும் பாத்திரம் மாசியில்தான் இறங்கும். கண்ணாடி டம்ளரை யாரும் விளிம்பில் பிடிப்பதில்லை. இரண்டு கையாலும் முழுக்கப் பொத்திப் பிடித்து, சூடு ஆறும்வரை குடிக்காமல் நிற்கிறார்கள். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த நாலைந்து பையன்கள் ஒருபுறம். கடைக்காரர் அவர்களோடு இந்தியும் தமிழும் கலந்து பேசுகிறார், அவர்களும் அதையே திருப்பித் தருகிறார்கள். அதில் ஒருவன் மெல்லிய டி-ஷர்ட்டில் நிற்கிறான். காதுமடல் சிவந்திருக்கிறது. பக்கத்தில் நிற்கும் தேனிப் பக்கத்து டெய்லர் ஒருவர், "கூதலா இல்லையாடா தம்பி?" என்கிறார். பையன் சிரிக்கிறான். கேள்வி புரிந்ததா என்று தெரியவில்லை. கையிலிருந்த பன்னில் பாதியைப் பிய்த்து அவரிடம் நீட்டுகிறான்.

வேன் நிறுத்தத்தில் பெண்கள். துப்பட்டாவைத் தலையோடு சுற்றிக் காதை மூடியிருக்கிறார்கள். சேலை கட்டியவர்கள் மேலே சட்டை போட்டிருக்கிறார்கள், வீட்டு ஆம்பளையின் முழுக்கைச் சட்டை. செக்கிங், கைமடி, பேக்கிங் வேலைக்குப் போகிறவர்கள். வேனில் ஜன்னல் கண்ணாடி ஒன்று நகராது. அந்த ஜன்னலோர இருக்கையை எல்லாரும் விட்டுவிட்டு உட்காருகிறார்கள். கடைசியாக ஓடிவரும் அக்காவுக்கு அந்த இடம்தான் மிச்சம். அவர் முந்தானையை விரித்துச் சந்தில் செருகுகிறார். வேன் நகர்ந்ததும் அது காற்றில் பிடுங்கிக்கொண்டு வருகிறது.

கைகளைப் பார்க்க வேண்டும். பனிக்காலத்தில் பனியன் கம்பெனிப் பெண்களின் விரல் நுனிகள் வெடிக்கும். பகலெல்லாம் பருத்தித் துணியைத் தொட்டுப் புரட்டுகிற கையில் இருக்கிற கொஞ்சநஞ்ச ஈரப்பசையையும் துணி இழுத்துக்கொள்கிறது. பிசிர் வெட்டும் சின்னக் கத்தரி அந்த வெடிப்பின்மேலேயே அழுந்துகிறது. தேங்காய் எண்ணெய் தடவினால் ஆறும். ஆனால் வேலைக்குப் போகும்முன் தடவ முடியாது. வெள்ளைப் பீஸில் எண்ணெய்க் கறை பட்டால் அது டேமேஜ். அதனால் இரவில்தான் தடவிக்கொள்கிறார்கள். அதற்கும் பாட்டிலை அடுப்போரம் வைத்து உருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் உருகுவது 24 டிகிரியை ஒட்டி. மார்கழி பிறந்தால் இந்த ஊரில் எல்லார் வீட்டு எண்ணெய்ப் பாட்டிலும் வெள்ளையாக உறைந்து நிற்கும்.

எட்டரைக்கு ஷிப்ட் தொடங்குகிறது. கதவு திறந்திருக்கும்போது சாலையிலிருந்தே உள்ளே தெரியும். ஓவர்லாக், பேட்லாக், பவர் டேபிள் வரிசை வரிசையாக. இந்த மாதங்களில் மேசைமேல் குவிந்திருப்பது என்ன என்று பார்த்தவர்களுக்குத்தான் முதலிபாளையத்தின் பனிக்காலம் முழுதாகப் புரியும். கையில்லாத பனியன்கள். அரைக்கால் சட்டைகள். குழந்தைகள் கடற்கரையில் போடும் மெல்லிய, மஞ்சளும் ஆரஞ்சுமான டி-ஷர்ட்கள். சதுர மீட்டருக்கு 140, 150 கிராம்தான் எடை. ஐரோப்பாவும் அமெரிக்காவும் வசந்தத்திலும் கோடையிலும் உடுத்தப் போகிற துணி, தை மாசியில் இங்கே தைத்துக் கப்பலேறினால்தான் உரிய காலத்தில் அங்கே கடையில் தொங்கும். திருப்பூருக்குப் பெயர் வாங்கித் தந்ததே இந்தக் கோடைகாலப் பருத்தி உடைதான். ஆகவே ஊரின் பரபரப்பான மாதங்களும் குளிர் மாதங்களும் ஒன்றின்மேல் ஒன்று வந்து விழுகின்றன. ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு வீடு திரும்புகிற வேளையில் பனி மறுபடி இறங்கியிருக்கும்.

குளிருக்கான துணி இங்கே தைக்கப்படாமல் இல்லை. தைக்கிறார்கள், சித்திரையிலும் வைகாசியிலும் ஆனியிலும். வடக்கு நாடுகளின் இலையுதிர் காலத்துக்கும் பனிக்காலத்துக்கும் போகிற ஹூடிகளும் ஸ்வெட் ஷர்ட்களும் அப்போதுதான் லைனில் ஏறும். மூன்று இழை ஃப்ளீஸ், சதுர மீட்டருக்கு 280, 300 கிராம். உட்புறத்தைப் பிரஷ் அடித்துப் பஞ்சு எழுப்பியிருப்பார்கள். வெளியே வெயில் 38 டிகிரியைத் தொடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மடியில் அந்தக் கனத்த துணியைக் குவித்துக்கொண்டு, கழுத்து வியர்வையில் பஞ்சுத் துகள் ஒட்ட, ஆயிரக்கணக்கில் தைத்துத் தள்ளுவார்கள். கைமடிக்கும் பெண் ஒவ்வொரு பீஸாக நெஞ்சோடு அணைத்து மடிப்பார். அந்த வெதுவெதுப்பு அவருக்கு அப்போது தேவையே இல்லை. தேவைப்படுகிற மார்கழியில் அவர் மடியில் இருப்பது கையில்லாத பனியன்.

வருஷத்துக்கு வருஷம் இந்த ஓட்டம் மாறாது என்று சொல்லவும் முடியாது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்கின்மேல் அமெரிக்காவின் வரி 50 சதவீதம் ஆனபோது, அந்த நாட்டையே நம்பியிருந்த கம்பெனிகளுக்கு அடி விழுந்தது. வாஷிங்டனில் போடுகிற ஒரு கையெழுத்து, இங்கே ஓவர்டைம் இல்லாத வாரமாக வந்து இறங்கும். கம்பெனி விட்டுச் சீக்கிரம் வீட்டுக்கு வந்தவர்களுக்கு அது ஓய்வாகத் தெரியாது.

பனி துணிக்குள்ளும் புகுந்துகொள்கிறது. பருத்தி காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். ஆய்வுக்கூடக் கணக்கில் அதற்கு இயல்பான ஈரம் 8.5 சதவீதம். மூட்டமான காலையில் அது கூடும், உச்சி வெயிலில் இறங்கும். ஒரே துணியில் காலையில் ஒரு வட்டம் வெட்டி நிறுத்தால் ஒரு எடை, மதியம் நிறுத்தால் வேறு எடை. இதே சிட்கோ வளாகத்தில் இருக்கும் நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி மாணவர்கள் இதைப் பாடமாகப் படிக்கிறார்கள். கட்டிங் மாஸ்டர்களுக்கு அது கை பழக்கம். ஈரத்தோடு பெட்டியில் அடைத்துவிட்டால் கடல் பயணத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அட்டைப் பெட்டிகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்குகிறார்கள். ஒவ்வொரு பாலித்தீன் பைக்கும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்று. துணிக்குப் பனி படாமல் இருக்க இவ்வளவு ஏற்பாடு.

சிட்கோவைத் தாண்டி ஊர்ப் பக்கம் நடந்தால் காலம் வேறாக ஓடுகிறது. கிளுவை வேலி முழுக்கச் சிலந்தி வலை. ஒவ்வொரு இழையிலும் பனிநீர். பட்டியில் செம்மறிகள் கத்துகின்றன, திறந்துவிடச் சொல்லி. பெரியவர் படலைத் திறக்கவில்லை. புல்லில் ஈரம் காயாமல் மேயவிட்டால் ஆட்டுக்கு வயிற்றில் புழு சேரும். வெயில் ஏறட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மனைவி கொள்ளுப் பருப்பு கடைகிறார். பனிக்காலத்தில் கொங்கு வீடுகளில் கொள்ளு வாசனை வராத நாள் குறைவு, உடம்புக்குச் சூடு தரும் என்று நம்பிக்கை. பந்தலில் அவரை, பூவும் பிஞ்சுமாக. அவரைக்குப் பனி பிடிக்கும். தெற்கே குடிமங்கலம் பக்கத்துக் கரிசல் காடுகளில் கொண்டைக்கடலை மழைக்குப் பிந்திய மண் ஈரத்திலும் பனியிலுமே விளைந்துவிடும். பச்சைக் கடலைச் செடியைக் கட்டுக் கட்டாகச் சந்தையில் போட்டு விற்கும்போது தை பாதி ஆகியிருக்கும்.

மார்கழி கடைசி நாள் காப்புக்கட்டு. பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டுக் கூரை இறவாரத்தில், மாட்டுச் சாலையில், காட்டு மூலையில் செருகுவார்கள். கம்பெனி கேட்டிலும் சிலர் செருகியிருக்கிறார்கள், ஓவர்லாக் மெஷினின் விளக்குத் தண்டிலும் ஒரு கொத்து. பூளைப்பூ பறித்துக்கொண்டு வருகிற சிறுமிகளின் பாவாடை முழங்கால்வரை நனைந்திருக்கிறது. அன்று மாலையிலிருந்து மூன்று நாளைக்குப் பட்டிப் பொங்கல், பூப்பொங்கல் என்று நோம்பி. தெற்கத்தி மாவட்டத்துக்காரர்கள் மூட்டை முடிச்சோடு பஸ் ஏறிவிடுவார்கள். மெஷின்கள் ஓயும். வடக்கே இருந்து வந்தவர்களில் பலர் போவதில்லை. ரயிலில் போய்வரவே நான்கைந்து நாள் ஆகிவிடும். லைன் வீடுகளின் முன்னால் தண்ணீர்த் தொட்டியருகே நின்று, ஒருவன் முதல் செம்பை ஊற்றிக்கொள்ளத் தயங்கி மூன்று தரம் கையில் எடுத்துக் கீழே வைக்கிறான். நாலாவது தரம் கண்ணை மூடி ஊற்றிக்கொண்டு சத்தம் போடுகிறான். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அந்த வீடுகளுக்கும் கூரை தகரம்தான். விடியற்காலையில் உட்புறமும் வியர்த்துச் சொட்டும், படுத்திருப்பவர்களின் போர்வைமேல்.

நொய்யல் ஆற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊர்ப் பனியைச் சொல்ல முடியாது. 2011 ஜனவரி 28, தை மாதம்தான், சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உத்தரவிட்டது. ஒரு சொட்டுச் சாயக்கழிவும் ஆற்றில் விடக்கூடாது என்ற நிபந்தனையோடு பிறகு திறந்தார்கள். கழிவுநீரைச் சுத்தம் செய்து, எஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி ஆவியாக்க வேண்டும். அதற்குக் கொதிகலன், கொதிகலனுக்கு விறகு. ஆற்றுக்கு அது நல்லதே. ஆனால் பனிக்காலத்தில் கீழே குளிர்ந்த காற்று, மேலே சற்றுச் சூடான காற்று என்று அடுக்கு மாறி நிற்பதால் புகை மேலேறிக் கலையாமல் தரையோடு படுத்துவிடுகிறது. காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போவது அந்தப் படலத்துக்குள்தான். பற்றாததற்கு முதலிபாளையத்தின் கைவிடப்பட்ட பாறைக்குழியில் மாநகராட்சிக் குப்பை வந்து விழ, 2025-ல் ஊர்மக்கள் திரண்டு மறித்தார்கள். குடிநீர்க் கிணறு கெடும் என்ற பயம் அவர்களுக்கு. பனிமூட்டத்தில் நாற்றமும் கீழேயே நிற்கும் என்பதையும் அவர்கள் அறிவார்கள்.

இதே காற்றில்தான் விருந்தாளிகள் வந்து இறங்குகிறார்கள். கம்பெனி வாசலின் மின்கம்பிகளில் தகைவிலான் குருவிகள் வரிசையாக உட்கார்ந்து சிறகு கோதுகின்றன. சாக்கடையோரம் வாலாட்டிக் குருவி. ஊத்துக்குளி சாலைப் பக்கம் நஞ்சராயன் குளத்தில் ஊசிவால் வாத்துகள். இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகளையும் பறவை ஆர்வலர்கள் அங்கே கண்டிருக்கிறார்கள். 2022-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட குளம் அது, 2024-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. உறைபனிக்குத் தப்பி வருகிற பறவைக்கு நம் 18 டிகிரி கோடை.

தைப்பூசத்துக்குப் பழனி போகிற பாதயாத்திரைக்காரர்கள் காங்கயம் சாலையில் இரவில் நடக்கிறார்கள், பச்சை வேட்டி, தோளில் காவடி, வெறுங்கால். அவர்கள் கடந்து போனபின் மாசி. பகலில் வெயில் உறைக்கத் தொடங்கியிருக்கும். ஆனால் வாசல் தெளிக்கிற ஆத்தா இன்னும் போர்வையை விடவில்லை. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டே கோலப் பொடியைக் கிள்ளுகிறார். கணக்கில் பின்பனிதான் என்றாலும் பங்குனி பிறந்தால் பனி போய்விடும், பிறகு ஃப்ளீஸ் ரோல்கள் டெம்போவில் வரத் தொடங்கும்.

கம்பெனி நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வின்டர் ஆர்டரிலும் தையல் பிசகியது, அளவு மாறியது, நிறம் சற்றுத் தள்ளியது என்று ஹூடிகள் ஒதுங்கும். அவற்றைக் காதர்பேட்டை மொத்தச் சந்தைக்குக் கிலோக் கணக்கில் அனுப்பும் முன்பு, லேபிளை வெட்டி எடுத்துவிட்டு, உங்களிடம் வேலை செய்கிற ஆளுக்கு ஒன்று வீதம் எடுத்து வையுங்கள். ஐப்பசி முடிவதற்குள் கொடுங்கள். முதல் சட்டையை வாட்ச்மேனுக்கும் இரண்டாவதைத் தெருக் கூட்டுகிற அம்மாவுக்கும் கொடுங்கள். வேனின் ஜன்னலைச் சரி செய்யுங்கள். தங்க வைத்திருக்கும் பிள்ளைகளுக்குக் காலையில் ஆளுக்கு ஒரு வாளி வெந்நீர் கிடைக்க வழி செய்யுங்கள். உங்கள் கொதிகலனில் அதற்கு வேண்டிய சூடு ஏற்கெனவே இருக்கிறது.